ஒன்றரை லட்சம் ரூபாய் போனும் ஒரு டிப்ளமோ மாணவனும்

(இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று நம் தாத்தாக்கள் சண்டை போட்டார்கள். ரஜினியா கமலா என்று நம் அப்பாக்கள் போட்டார்கள். நேற்று வரை அஜித்தா விஜய்யா என்று நாமும் போட்டோம். இன்று நம் கேன்டீனில் நடக்கிற சண்டை எது? ஐபோனா சாம்சங்கா என்பதுதான்! "மாப்ளே, இருநூறு மெகாபிக்சல்டா!" என்பான் ஒருவன். "போடா, வீடியோவுக்கு ஐபோன் முன்னாடி எவன்டா நிப்பான்?" என்பான் இன்னொருவன். டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது.

நான் இந்தச் சண்டைக்கு எதிரி அல்ல. நானும் வாய் வலிக்கப் பேசியவன்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் டிப்ளமோ படிக்கிறோம். டயோடு, டிரான்சிஸ்டர், பவர் சப்ளை என்று லேபில் கை சுட்டுக்கொள்கிறோம். அப்படியிருந்தும் போனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், விளம்பரப் பலகை என்ன சொல்கிறதோ அதைத்தானே நாமும் சொல்கிறோம்? வாங்கப் போகிறவன் பேச்சு வேறு, படித்தவன் பேச்சு வேறு இல்லையா? படித்தவனாக நின்று ஒரு முறை இந்தப் போன்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. என் அப்பா நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவர். ஏழாவதோடு நின்றவர். அம்மா நூல் மில்லுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படிக்க வந்தவன் நான்தான். அக்கா பத்தாவதோடு வேலைக்குப் போய்விட்டாள், நான் படிக்கவேண்டும் என்பதற்காக. ஆகவே ஒரு பொருளின் விலை என்று யாராவது சொன்னால், அது எத்தனை நாள் கூலி என்று என் மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கையும் இதில் விடப்போவதில்லை.

மூன்று போன்கள்

2025-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மூன்று உயர்ந்த ரகப் போன்களை எடுத்துக்கொள்கிறேன். ஜனவரியில் வந்த ஒன்பிளஸ் 13, ஆரம்ப விலை 69,999 ரூபாய். அதே ஜனவரியில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எஸ் 25 அல்ட்ரா, 1,29,999 ரூபாய். செப்டம்பரில் வந்த ஐபோன் 17 ப்ரோ மேக்ஸ், 1,49,900 ரூபாய். இந்த மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் இவற்றுக்குத் தம்பிகள் பிறந்துவிடலாம். பெயர் மாறும், இங்கே போடுகிற கணக்கு மாறாது.

முதலில் கேமரா. எஸ் 25 அல்ட்ராவின் பிரதான கேமராவில் 200 மெகாபிக்சல், அதாவது 20 கோடிப் புள்ளிகள்! ஒரு புள்ளியின் அகலம் 0.6 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் குறுக்கே நூறு புள்ளிகளை வரிசையாக நிறுத்தலாம். எவ்வளவு பெரிய சாதனை! கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் புள்ளி சின்னதானால் அதில் விழுகிற வெளிச்சமும் குறைவு. மங்கலான இடத்தில் சிக்னலைவிட இரைச்சல் மேலோங்கும். இது நாம் படித்த பாடம்தானே? அதனால் அந்தப் போன் என்ன செய்கிறது? பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒரே புள்ளியாக்கி, சாதாரணமாக எடுக்கும்போது 12 மெகாபிக்சல் படம்தான் தருகிறது. மழையில் பதினாறு டம்ளரை வைத்துப் பிடித்து ஒரே குடத்தில் ஊற்றுகிற மாதிரி. ஐபோன் 17 ப்ரோ மேக்ஸில் மூன்று கேமராவும் 48 மெகாபிக்சல். அதுவும் வழக்கமாக 24 மெகாபிக்சல் படம்தான் கொடுக்கும். ஆக, "இருநூறு பெருசா, நாற்பத்தெட்டு பெருசா" என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். சென்சாரின் பரப்பளவு என்ன, லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்று கேட்பவன்தான் முழுக் கேள்வி கேட்டவன்.

அடுத்து சிப். ஐபோன் 17 ப்ரோவில் ஏ 19 ப்ரோ. சாம்சங்கிலும் ஒன்பிளஸிலும் குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் 8 எலைட். நம் பசங்க இதற்காகச் சட்டையைப் பிடிக்காத குறை. சங்கதி தெரியுமா? இரண்டு சிப்பையும் செய்து கொடுப்பது தைவானிலுள்ள டி.எஸ்.எம்.சி. என்கிற ஒரே நிறுவனம்! இரண்டுமே 3 நானோமீட்டர் தலைமுறை. அந்த 3 என்பதும் இப்போது ஒரு தலைமுறையின் பெயர்தான். உள்ளே டிரான்சிஸ்டரில் எதையாவது அளந்தால் 3 நானோமீட்டர் வரும் என்று அர்த்தமில்லை. இன்னும் கேளுங்கள். ஐபோன் திரைகளில் பெரும்பகுதியைச் செய்து தருவது யார்? சாம்சங் குழுமத்தின் திரை நிறுவனம்! ஐபோன் கேமராவின் சென்சார் ஜப்பானின் சோனியுடையது. மேலே கம்பெனிகள் கூடிக் கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றன, கீழே நாம் கேன்டீனில் கட்சி கட்டி நிற்கிறோம்!

நம்மூர் வெயிலும் ஒரு சோதனைச்சாலை

சிப் வேகமாக ஓடினால் சூடு வரும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் அதிர்வெண்ணோடும் சக்திச் செலவு கூடும் என்பது நமக்குத் தெரியும். ரயில்வே ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கேம் ஆடிப்பாருங்கள், போன் சட்டைப்பையில் இஸ்திரிப்பெட்டி மாதிரி ஆகிவிடும். சூடு ஓர் அளவைத் தாண்டினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம் 1,49,900 ரூபாய்க்கு வாங்கிய வேகம் எங்கே போயிற்று?

இதில் ஒரு சுவையான கதை உண்டு. 2023-ல் ஐபோன் 15 ப்ரோ வந்தபோது, "டைட்டானியம் உடம்பு!" என்று ஊரே பேசியது. 2024-ல் 16 ப்ரோவும் டைட்டானியம். 2025-ல் 17 ப்ரோ வந்தபோது பார்த்தால், அலுமினியம்! என்ன நடந்தது? டைட்டானியம் உறுதியானதுதான். ஆனால் அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நம் அம்மாமார்கள் அலுமினியச் சட்டியில் சமைக்கிறார்களே, அதே குணம். அத்தோடு உள்ளே ஆவி அறை ஒன்றும் வைத்தார்கள். ஒரு மெல்லிய தகட்டுக்குள் துளித் தண்ணீர். அது சிப்பின் சூட்டில் ஆவியாகி, குளிர்ந்த ஓரத்துக்குப் போய், திரும்பத் தண்ணீராகி வரும். இந்த வித்தை சாம்சங்கிலும் ஒன்பிளஸிலும் முன்பே இருந்ததுதான். "டைட்டானியம்தான் உசத்தி" என்று இரண்டு வருஷம் நாம் பேசியதை அந்தக் கம்பெனியே மாற்றிக்கொண்டுவிட்டது. நாம்தான் காரணம் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆப்பிள் தன் ஐபோன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. 35! சித்திரை மாசத்துத் திண்டுக்கல்லில் பகல் வெயில் 35-ஐத் தாண்டாத நாள் ஏதாவது உண்டா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் சட்டைப்பையிலும், நிலக்கோட்டையில் பூ எடுக்கிறவர் இடுப்புச் சுருக்கிலும் இருக்கும் போன் அந்த எல்லைக்கு வெளியேதான் வாழ்கிறது. போன்களை ஒப்பிடுகிற எந்தப் பட்டியலிலாவது "திண்டுக்கல் வெயிலில் எப்படி?" என்று ஒரு கட்டம் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

பேட்டரியும் திரையும்

எஸ் 25 அல்ட்ராவில் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி, 45 வாட் சார்ஜிங். 2020-ல் வந்த எஸ் 20 அல்ட்ராவிலும் இதே 5,000 தான்! ஒன்பிளஸ் 13-ல் 6,000 எம்.ஏ.எச்., 100 வாட். விலை பாதி, பேட்டரி பெரிசு! எப்படி? கிராஃபைட்டோடு சிலிக்கானைக் கலந்த புது வகை எதிர்மின்வாய். ஒரு கிராம் கிராஃபைட் 372 எம்.ஏ.எச். வரைதான் தாங்கும். சிலிக்கான் கிட்டத்தட்டப் பத்து மடங்கு தாங்கும். அப்படியானால் முழுக்கச் சிலிக்கானையே போட்டால் என்ன? சார்ஜ் ஏறும்போது அது மூன்று மடங்குக்கு மேல் உப்பும். அந்தச் சிலிக்கானே விரிசல் விட்டு உடைந்துபோகும். அதனால்தான் கார்பனோடு அளவாகக் கலக்கிறார்கள். எவ்வளவு கலக்கலாம், எத்தனை வருஷம் தாங்கும் என்பதில்தான் ஒரு கம்பெனி துணிகிறது, இன்னொரு கம்பெனி தயங்குகிறது.

5,000 எம்.ஏ.எச். என்றால் உண்மையில் எவ்வளவு? சுமார் 3.9 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட்-மணிச் சொச்சம். நம் வீட்டில் ஓடுகிற 75 வாட் சீலிங் ஃபேனை அதில் ஓட்டினால் பதினைந்து நிமிஷம் ஓடும். அவ்வளவுதான். அந்தப் பதினைந்து நிமிஷ ஃபேன் கரன்டை வைத்துக்கொண்டு ஒரு கையளவுக் கருவி நாள் முழுக்கப் படம் காட்டுகிறது, பேசுகிறது, பாட்டுப் பாடுகிறது. இதை நினைத்தால் எந்தக் கம்பெனி என்பதே மறந்துபோகிறது. பொறியியல் என்றால் இதுதான் என்று தோன்றுகிறது!

திரையைப் பாருங்கள். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை. ஒரு காட்சிக்கு 8.3 மில்லி விநாடி. விரலோடு ஒட்டி ஓடும், அருமையாக இருக்கும். ஆனால் ஐபோனில் ப்ரோ அல்லாத ரகத்துக்கு இது 2025-ல் ஐபோன் 17 வந்தபோதுதான் கிடைத்தது. பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனில் அதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிட்டது. இதிலிருந்து நான் கண்ட உண்மை ஒன்று. உச்சிக் கிளையில் பழுத்த பழம் சில வருஷத்தில் தானாகத் தரைக்கு வந்துவிடுகிறது. முதல் நாளே ஏறிப் பறிக்கிறவன் ஏணிக்குத்தான் காசு கொடுக்கிறான்.

நம் கணக்கில் விலையைப் பார்ப்போமா? அரசுப் பள்ளியில் படித்து வந்த நமக்கு, பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்த ஆயிரத்தை ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால், 1,49,900 ரூபாய்ப் போன் வாங்க 150 மாதம் ஆகும். அதாவது பன்னிரண்டரை வருஷம்! நம் டிப்ளமோ மூன்று வருஷம்.

பட்டியலில் இல்லாத கட்டம்

திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ல் நம் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்த பிறகும் நம் பூட்டைத் தேடி வருகிறவர் இருக்கிறார்கள். ஏன்? சாவி தொலைந்தால் செய்யலாம். லீவர் தேய்ந்தால் மாற்றலாம். ரிவிட் அடித்து முடித்த பழைய பூட்டைக்கூட என் அப்பா பிரித்து, துரு எடுத்து, திரும்ப அடித்துக் கொடுப்பார். "செஞ்சவனுக்குப் பிரிக்கவும் தெரியணும்டா" என்பார். ஏழாவது படித்தவர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு நிகரான ஒரு வாக்கியத்தை நான் இதுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

என் அக்காவின் போன் நாலு வருஷத்துப் போன். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "மாடல் பழசு, ஸ்பேர் வராது. எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கங்க" என்று சொல்லி இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை. அந்த அண்ணன் சூடு காட்டிப் பசையை இளக்கி, கிட்டார் வாசிக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் சில்லை உள்ளே விட்டுப் பிரித்து, வேறு பேட்டரி போட்டார். தொள்ளாயிரம் ரூபாய். இன்றைக்கும் ஓடுகிறது. "என்னண்ணே இவ்வளவு கஷ்டமா பண்ணி வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். "தம்பி, போன் லேசுல பழுதாகாதுப்பா. இந்தப் பசைதான் பழுது பாக்க விட மாட்டேங்குது" என்றார்.

நியாயமாகப் பேசுவோம். பசைக்கும் ஒரு காரணம் உண்டு. ஐ.பி. 68 என்று போடுகிறார்களே, தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் அடைக்கப் பசை உதவுகிறது. ஆனால் வேறு வழியே கிடையாதா? 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 5-ஐ நினைத்துப்பாருங்கள். நகத்தால் மூடியைக் கழற்றிப் பேட்டரியை மாற்றலாம். அதே போன் ஐ.பி. 67 தரத்தில் தண்ணீரும் தாங்கியது! 2024-ல் வந்த ஐபோன் 16-ல் இன்னொரு வழி கண்டார்கள். 9 வோல்ட் மின்கலத்தை இரண்டு முனையில் வைத்தால் ஒன்றரை நிமிஷத்தில் பேட்டரியின் பசை தானாக விட்டுவிடும். அப்படியென்றால் மனசு வைத்தால் முடியும். மனசு வைக்காததுதான் குறை. சில போன்களில் வெளிக்கடையில் வாங்கிய திரையைப் போட்டால் "அறியாத பாகம்" என்று போனே காட்டிக்கொடுக்கிறது. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அந்தப் பொருளின் மேல் அவ்வளவுதான் உரிமையா?

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. அங்கே விற்கிற ஒவ்வொரு போன் பெட்டியோடும் ஒரு லேபிள். கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று எழுத்துத் தரம் போட்டிருக்கவேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 சதவீதம் தாங்கவேண்டும். அந்த ரகத்தின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருஷம் உதிரிபாகம் கிடைக்கவேண்டும். நம் நாட்டிலும் 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு ஒரு குழு அமைத்தது, ஓர் இணையதளமும் திறந்தது. 2025 மே மாதம் இதற்கான மதிப்பெண் முறை பற்றி நிபுணர் குழு அறிக்கையும் கொடுத்தது. அந்த மதிப்பெண் கட்டாயமாகப் பெட்டியின்மேல் வரவேண்டும் என்று கேட்கவேண்டியவர்கள் யார்? பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த நாம்தானே?

செய்கிற கை நம்முடையது

இனி நான் சொல்லப்போவது பலருக்கும் தெரிந்ததுதான். இந்தப் போன்களில் ஒரு பகுதி நம் தமிழ்நாட்டில்தான் கூட்டிச் சேர்க்கப்படுகிறது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெண்கள், வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அந்த வாசலில் உற்பத்தி நின்றது. ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை! பிறகு 2019-ல் அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்ய ஆரம்பித்தது. 2024-ல் ப்ரோ ரகமும் வந்தது. ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோனின் வெளிக்கூடு செய்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த விடுதி வருவதற்கு முன் 2021 டிசம்பரில், வேறொரு விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட, கூட வேலை செய்தவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

என் அக்காவும் அந்தப் பக்கம் ஒரு போன் கம்பெனியில்தான் லைனில் நிற்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது கேட்டேன், "அக்கா, நீங்க செய்யிற போன் எப்படி?" அவள் சொன்னாள்: "எனக்கு ஒரே ஸ்க்ரூதான்டா. ஒரு நாளைக்கு எத்தனை போன் கையில போகுதுன்னு எண்ண மாட்டேன். ஆனா ஒண்ணக்கூட நான் ஆன் பண்ணிப் பாத்ததில்ல."

நண்பர்களே, இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி எனக்கு வேறு ஒப்பீடு தேவைப்படவில்லை. சிப் தைவானில் பிறக்கிறது. வடிவமைப்பு கலிபோர்னியாவில் நடக்கிறது. திரை கொரியாவிலிருந்து வருகிறது. ஸ்க்ரூ முடுக்குகிற விரல் மட்டும் திண்டுக்கல்லிலிருந்து போகிறது! அந்த விரலை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் பரீட்சை ஃபீஸ் அந்த விரல் கட்டியதுதான். ஆனால் நாளைக்கு நம் கல்லூரிக்கு வளாக நேர்காணல் வரும். நம்மில் பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுவோம். டிப்ளமோ படித்த நாமும் அதே ஒரு ஸ்க்ரூவில்தான் நிற்கப்போகிறோமா? நோக்கியா வாசல் ஒன்பது வருஷம்கூட ஆகாமல் மூடியதே, அன்று வேறு வேலைக்குச் சட்டென்று போக முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்று யோசித்துப்பாருங்கள். ஒரே ஸ்க்ரூ மட்டும் தெரிந்தவர் கம்பெனி போனால் கூடவே நிற்பார். போர்டு பார்க்கத் தெரிந்தவர், பழுது கண்டுபிடிக்கத் தெரிந்தவர் எந்த ஊரிலும் பிழைப்பார். மத்திய அரசு 2025 மார்ச்சில் உதிரிபாகங்களை இங்கேயே செய்ய 22,919 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. பாகம் செய்கிற ஆலை வந்தால் பாகம் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருக்கவேண்டாமா?

ஒரு நண்பனின் கேள்வி

இந்தக் கட்டுரையைப் படித்துப்பார்த்த என் வகுப்புத் தோழன் ஒருவன் முகம் சுருங்கிப்போனான். அவன் தவணையில் ஒரு விலை உயர்ந்த போன் வாங்கியவன். சாயந்தரம் ஒரு கடையில் நின்று அந்தத் தவணையைக் கட்டுகிறான். "ஏன்டா, நல்ல பொருள பணக்காரன் மட்டுந்தான் வச்சுக்கணுமா? இந்தப் போன் கையில இருந்தாத்தான்டா நம்மளையும் நாலு பேரு மதிக்கிறாய்ங்க" என்றான்.

அவன் கேள்வி நியாயமானது. அதைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. நம்மைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு மரியாதை சும்மா கிடைப்பதில்லை. செருப்பைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, போனைப் பார்த்து எடை போடுகிற உலகம் இது. ஆசைப்படுவது குற்றமே இல்லை. ஆனால் அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மாப்ளே, போன் தர்ற மரியாதைக்கு அடுத்த செப்டம்பர் வரைக்கும்தான் ஆயுசு. அப்புறம் புது மாடல் வந்துரும், உன்னுது பழசாயிரும். தவணை மட்டும் பழசாகாது. அந்தப் போன பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவன்னு ஒரு பேரு எடுத்துப்பாரு, அது எந்த மாடல் வந்தாலும் நிக்கும்." அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த நாள், "சரி, இதுல பேட்டரி எப்படிடா மாத்தறது?" என்று கேட்டான். எனக்கு அது போதும்.

நாம் என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அதனால் நம் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு பழுது மேசை போடுவோம். ஹீட் கன், மல்டிமீட்டர், மைக்ரோஸ்கோப், நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட் போதும். வீட்டில் செத்துக் கிடக்கிற போன்களைக் கொண்டுவருவோம். பஸ் ஸ்டாண்டுக் கடை அண்ணன்கள் யாரையாவது அழைத்துக் கற்றுக்கொள்வோம். சர்டிபிகேட் இல்லாவிட்டாலும் அவர்களும் நமக்கு ஆசிரியர்களே. உப்பிய பேட்டரியை மட்டும் ஆசிரியர் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. அது விளையாட்டு இல்லை.

இரண்டாவது, போன்களை ஒப்பிட நமக்கென்று ஒரு பட்டியல் தயாரிப்போம். மெகாபிக்சல், ராம், வாட் எல்லாம் இருக்கட்டும். கூடவே நம் கட்டங்களையும் சேர்ப்போம். வெயிலில் அரைமணி நேரம் ஓடினால் வேகம் எவ்வளவு குறைகிறது? பேட்டரி மாற்ற எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்? அதன் காம்போ திண்டுக்கல்லில் கிடைக்குமா, மதுரைக்குப் போகவேண்டுமா? எத்தனை வருஷம் மென்பொருள் வரும்? இதைச் சொல்லும்போது சாம்சங் எஸ் 25 வரிசைக்கு ஏழு வருஷம் தருவதாக அறிவித்திருப்பதைப் பாராட்டவும் வேண்டும். நல்லதை நல்லது என்று சொன்னால்தான் குறையைக் குறை என்று சொல்லும்போது நம் பேச்சு எடுபடும்.

மூன்றாவது, பழுதுபார்க்கும் மதிப்பெண்ணைப் பெட்டியின்மேல் அச்சிடவேண்டும் என்று கேட்டு, நம் பேரவையின் பெயரில் மத்திய நுகர்வோர் துறைக்கு ஒரு மனு அனுப்புவோம். அதில் கையெழுத்துக்குப் பக்கத்தில் நம் துறையையும் எழுதுவோம். படித்தவன் போட்ட கையெழுத்து என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

ஐபோனா சாம்சங்கா என்ற பேச்சை நிறுத்தவேண்டாம். தாராளமாகப் பேசுவோம். சண்டையும் போடுவோம். ஆனால் அடுத்த முறை ஒருவன் "இருநூறு மெகாபிக்சல்" என்றால், "ஒரு புள்ளி எத்தனை மைக்ரான்?" என்று கேட்போம். ஒருவன் "டைட்டானியம்" என்றால், "சூட்டை எங்க கொண்டுபோய் விடும்?" என்று கேட்போம். "ஒன்றரை லட்சம்" என்றால், "பிரிச்சா திரும்ப மாட்ட முடியுமா?" என்று கேட்போம்.

நம் அப்பா அம்மா தலைமுறை செய்கிற கையாக இருந்தது. நாம் செய்கிற கையாகவும் கேட்கிற வாயாகவும் இருப்போம். நமக்குப் பிறகு இதே கல்லூரிக்கு வருகிற தம்பி தங்கைகள், தாங்கள் முடுக்குகிற ஸ்க்ரூ எந்தப் போர்டில் எதைத் தாங்குகிறது என்று தெரிந்து முடுக்கட்டும். முடிந்தால், அந்தப் போர்டை இங்கேயே வரையவும் செய்யட்டும்.

சிந்திப்போம்! கற்போம்! பிரித்துப் பார்ப்போம்!